மீண்டும் வர மறுக்கும் பிழை

(சந்தவாசலில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆரணிப் பட்டுக்குப் பேர்போன வட்டாரம் இது. படவேட்டு அம்மன் கோயிலுக்குத் திரும்புகிற ஊர் இது. இங்கே கணினிப் பிழையைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதிச் சம்பாதிக்கிறார்கள்? அந்தப் பிள்ளைகள் நடுராத்திரி வரை விழித்துக்கொண்டு எதைத் தேடுகிறார்கள் என்று பெற்றவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

நிரலில் ஆயிரம் வகைப் பிழை உண்டு. எல்லாவற்றையும் பேசினால் பொழுது விடிந்துவிடும். இன்றைக்கு ஒரே ஒரு வகை. ஒருநாள் வரும்; வந்த வேகத்தில் ஆளைக் கொல்லும், ஊரை இருட்டாக்கும், விண்கலத்தை முடக்கும். மறுநாள் தேடிப் போனால் சுவடே இருக்காது. அதே நிரல், அதே கணினி, அதே வேலை. ஆனால் பிழை மட்டும் வராது. அப்படிப்பட்ட பிழை.

அது எங்கே பிறக்கிறது? ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும்போது பிறக்கிறது. உங்கள் கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது. அதே செயலி பின்னால் அடுத்த பாட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. விரல் பட்டால் திரையும் நகர்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இழை. மென்பொருள்காரர்கள் த்ரெட் என்பார்கள். இழைகள் தனித்தனியே ஓடும். ஆனால் அவை கைவைக்கிற நினைவகம் ஒன்றுதான். வினை முழுவதும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இது சில பேருடைய கவலை மட்டும். இயங்குதளம் எழுதுகிறவர், தொலைபேசி நிலையத்துக்கு நிரல் எழுதுகிறவர், ராக்கெட்டுக்காரர் ஆகியோரின் கவலை. மற்றவர்கள் நிரல் மெதுவாக ஓடினால் ஓராண்டு காத்திருந்தார்கள். அதற்குள் இன்னும் வேகமான சில்லு சந்தைக்கு வந்துவிடும். ஆனால் 2004-ல் இன்டெல் நிறுவனம் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் திட்டத்தைக் கைவிட்டது. சூடு தாங்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு சில்லுக்குள் தனித்தனியே கணக்குப் போடும் இரண்டு கருக்கள் வந்தன, பிறகு நான்கு, பிறகு எட்டு. இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டுக் கரு. அத்தனை கருவுக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் நிரலைப் பல இழையாகப் பிரித்தாக வேண்டும். ராக்கெட்டுக்காரரின் தலைவலி இப்படித்தான் எல்லோருடைய தலைவலியும் ஆயிற்று.

இப்போது அந்தப் பிழையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. ஒரே நொடியில் இரண்டு வரவு வருகிறது: கூலி 2,000 ரூபாய், தள்ளுபடி 500 ரூபாய். இரண்டையும் இரண்டு இழைகள் கவனிக்கின்றன. நிரலில் பார்த்தால் ‘இருப்போடு வரவைக் கூட்டு’ என்ற ஒரே வரிதான். ஆனால் கணினிக்கு அது மூன்று வேலை: இருப்பைப் படி, கூட்டு, திரும்ப எழுது. முதல் இழை படிக்கிறது: 10,000. அது எழுதுவதற்குள் இரண்டாம் இழையும் படித்துவிடுகிறது: 10,000. முதல் இழை 12,000 என்று எழுதுகிறது. இரண்டாம் இழைக்கு அது தெரியாது. தன் கணக்குப்படி 10,500 என்று எழுதி முடிக்கிறது. இருக்க வேண்டியது 12,500. இருப்பது 10,500. ஒரு வாரக் கூலி காற்றோடு போயிற்று. யார் திருடினார்கள்? யாரும் திருடவில்லை. எந்த வரி தப்பு? எந்த வரியும் தப்பில்லை.

வங்கியில் இப்படி நடக்காமல் பூட்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் படித்து எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ரயிலில் தட்கல் திறக்கிற நேரம் உங்களுக்குத் தெரியும். குளிர்வசதிப் பெட்டிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர் ஒரே வண்டியின் படுக்கைகளுக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு படுக்கை இரண்டு பேருக்குப் போகாமல் காப்பது அந்தப் பூட்டுதான். டச்சுக்காரரான எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965-லேயே, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் நுழைவதை எப்படி உறுதிசெய்வது என்று எழுதிக் காட்டிவிட்டார்.

பூட்டு போட்டால் தீர்ந்ததா? அங்கேதான் அடுத்த வம்பு. முதல் கணக்கிலிருந்து இரண்டாம் கணக்குக்குப் பணம் போகிறது. அதே கணத்தில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கும் போகிறது. ஓர் இழை முதல் கணக்கைப் பூட்டிக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது. மற்றது இரண்டாவதைப் பூட்டிக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறது. யாரும் விடமாட்டார்கள். யாரும் நகரமாட்டார்கள். இதற்கு டெட்லாக் என்று பெயர். பூட்டு குறைந்தால் பணம் காணாமல் போகும். பூட்டு கூடினால் எல்லாமே நின்றுபோகும். எத்தனை பூட்டு, எந்த இடத்தில், எந்த வரிசையில் என்பதுதான் நிரலாளரின் ராத்திரி வேலை.

இங்கே இருக்கிற நெசவாளர்களுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெசவாளர் உடல் நாடாவை எறிய, பக்கத்தில் உட்கார்ந்த துணையாள் கரை நாடாவை எறிகிறார். ஒரே பாவில் இரண்டு கை. இருவரில் ஒருவர் முந்தினால் கோர்வை கெடும். ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். தப்பு நடந்தால் அது துணியிலேயே நிற்கும்; மாலையில் வந்து பார்த்தாலும் எந்த ஊடையில் கெட்டது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். கணினி இழைகளுக்கு இரண்டும் இல்லை. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. கெட்ட கணம் எந்த அடையாளமும் வைக்காமல் போய்விடுகிறது.

சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆளுக்குப் பத்துப் படி கொண்ட இரண்டு இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது படிகளும் எத்தனை விதமாகக் கலந்து நடக்கலாம்? 1,84,756 விதமாக. ஆளுக்கு இருபது படி என்று வைத்தால்? 13,784 கோடிக்கு மேல். உண்மையான நிரலில் படிகள் கோடிக்கணக்கு. பிழை வருவது அந்த வரிசைகளில் ஒன்றிரண்டில் மட்டும். சோதனைக் கூடத்தில் லட்சம் தடவை ஓட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று அனுப்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வரிசை அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பிழையைப் பிடிக்க என்ன செய்வார்கள்? நடுநடுவே ‘இந்த இடத்துக்கு வந்துவிட்டேன், மதிப்பு இவ்வளவு’ என்று அச்சிடச் சொல்வார்கள். அச்சிட நேரம் பிடிக்கும். அந்த நேரம் இழைகளின் வரிசையை மாற்றிவிடும். பிழை போய்விடும். அச்சிடும் வரியை எடுத்தால் திரும்ப வரும். பார்க்கிற செயலே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது என்பதால், இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து இதற்கு ஹைசன்பக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் 1985-ல் தம் கட்டுரையில் இந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்.

பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் லீ தம் குழுவின் கதையை 2006-ல் ஒளிக்காமல் எழுதினார். 2000-ஆம் ஆண்டுவாக்கில் டாலமி என்ற மென்பொருளின் மையப் பகுதியை எழுதத் தொடங்கினார்கள். இழைகளைப் புரிந்தவர்கள்தான் எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். எல்லா வரியையும் தொடும்படி சோதனை வைத்தார்கள். பலர் பயன்படுத்தினார்கள். நான்காண்டு ஒரு குறையும் இல்லை. 2004 ஏப்ரல் 26 அன்று அது டெட்லாக்கில் போய் நின்றது. நான்காண்டும் அந்தப் பிழை அங்கேயே இருந்திருக்கிறது! துறையில் கரைகண்டவர்களுக்கே இந்த நிலை என்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையை மேலாளர் அதட்டுவதில் என்ன நியாயம்?

நிரல் நின்றுபோனால் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். உயிர் போனால்?

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்தது. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் நகர் மருத்துவமனையில் 1986 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை இயக்கும் அம்மையார் பழகிய கைக்காரர். எலெக்ட்ரான் கதிருக்கான எழுத்தைத் தட்டுவதற்குப் பதில் எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே மேலே போய்த் திருத்திவிட்டு, மளமளவென்று கீழே வந்து கதிரைத் தொடங்கினார். திருத்தம் முழுவதும் 8 நொடிக்குள் முடிந்துவிட்டது. உள்ளே காந்தங்களைச் சரிசெய்ய இயந்திரத்துக்கு ஆகும் நேரமும் 8 நொடி. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பகுதி, திருத்தம் நடந்ததையே பார்க்கவில்லை. திரையில் சரியான எழுத்து. உள்ளே தவறான அமைப்பு. 180 ராட் அளவு கதிர்வீச்சு பெற வேண்டிய நோயாளியின் உடலில் ஒரு நொடிக்குள் அதைப்போல் பல பத்து மடங்கு பாய்ந்தது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது.

நிறுவனத்தார் வந்து சோதித்தார்கள். பிழை வரவில்லை. இயந்திரம் திரும்ப வேலைக்கு வந்தது. அடுத்த மாதமே இன்னொருவருக்கு அதே கதி. இருவருமே இறந்துபோனார்கள்.

கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே அம்மையாரும். அன்றைக்கு என்னென்ன தட்டினோம் என்று நினைவுபடுத்தி, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். மெதுவாகத் தட்டினால் வரவில்லை. அம்மையாரின் வழக்கமான வேகத்தில் தட்டியபோது வந்தது. சோதித்தவர்கள் நிதானமாகத் தட்டியதால்தான் அவர்களுக்கு வராமல் போயிற்று!

இதே பிழை முந்தைய மாதிரியான தெராக்-20-இலும் இருந்தது. சிகாகோவில் மாணவர்கள் பயிலும் இடத்தில், புதிய மாணவர்கள் வரும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஃபியூஸ் போகும். மாணவர்கள் பழகிவிட்டால் நின்றுவிடும். புது மாணவர்கள் கண்டபடி தட்டித் திருத்துவார்கள், நிரல் குழம்பும், ஆனால் அந்த மாதிரியில் தனியாக மின்கருவிக் காப்பு இருந்ததால் ஃபியூஸ் எரிந்ததோடு போயிற்று. தெராக்-25-இல் அந்தக் காப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். ஃபியூஸ் ஏன் போகிறது என்று யாராவது துருவியிருந்தால்? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேர் இருட்டில் உட்கார்ந்ததற்குப் பின்னாலும் இதே குடும்பத்துப் பிழை உண்டு. மின்கம்பியில் மரம் பட்டது தொடக்கம். ஆனால் ஒஹையோவின் மின் நிறுவனத்தில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் பிற்பகல் 2.14-க்கே மௌனமாகிவிட்டது. ஒரே தரவில் இரண்டு வேலைகள் ஒருசேரக் கைவைத்துவிட்டன. மணி அடிக்காததால் எல்லாம் நலம் என்றே பணியாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிழையை லட்சக்கணக்கான வரிகளில் தேடிப் பிடிக்கப் பல வாரம் ஆயிற்று.

சரி, எப்போதும் அழுகைதானா? வென்ற கதை இல்லையா? இருக்கிறது. நம் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. உலகமே கொண்டாடியது. சில நாளில், வானிலைத் தகவல் திரட்டத் தொடங்கிய பிறகு, கலத்தின் கணினி திடீரென்று தன்னைத் தானே அணைத்துக்கொண்டு புதிதாக இயங்கத் தொடங்கியது. மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. கலம் கிடப்பது செவ்வாயில். சமிக்ஞை போய்ச் சேரவே சுமார் 10 நிமிடம் ஆகும். அருகே போய்த் தட்டிப் பார்க்க முடியுமா?

உள்ளே நடந்தது இதுதான். மூன்று தரத்து வேலைகள். தகவல் தடத்தை நிர்வகிக்கும் வேலை மிக அவசரமானது. வானிலை அளக்கும் வேலை அவசரமில்லாதது. இடையில் தகவல் தொடர்பு போன்ற நடுத்தர வேலைகள். வானிலை வேலை தடத்துக்கான பூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். அவசர வேலை அதற்காகக் காத்திருக்கும். அந்தச் சமயம் பார்த்து நடுத்தர வேலை நுழையும். வானிலையைவிட அது பெரிய ஆள் என்பதால் வானிலையை நிறுத்திவைக்கும். வானிலை நின்றால் பூட்டு விடுபடாது. பூட்டு விடுபடாவிட்டால் அவசர வேலை நகராது. ஆக, நடுத்தரத்து வேலைக்காக உயர்தரத்து வேலை கைகட்டி நிற்கும். வேலைகள் நேரத்துக்கு முடிகின்றனவா என்று கவனிக்கும் காவல் கடிகாரம் இதைப் பார்த்து, ஏதோ பெரிய கோளாறு என்று எண்ணிக் கணினியையே அணைத்துத் திரும்ப இயக்கிவிடும்.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அதே கலத்தின் நகல் இருந்தது. முக்கியமாக, என்ன நடந்தது என்று பதிவுசெய்யும் வசதிகளை நிரலிலிருந்து அவர்கள் நீக்கியிருக்கவில்லை. சோதித்ததையே அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நகலை மணிக்கணக்கில் ஓட்டினார்கள். வரவில்லை. ஏறத்தாழ எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, விடியற்காலையில், தனியாக இருந்த பொறியாளர் கண் முன்னே நகலும் அணைந்து திரும்ப இயங்கியது. பதிவைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது.

தீர்வு ஏழாண்டுக்கு முன்பே அச்சில் இருந்தது. 1990 செப்டம்பரில் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி மூவரும் எழுதிய கட்டுரை. சாமானிய வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்த வேலை அதற்குக் காத்திருந்தால், பூட்டு விடுபடும்வரை அந்தச் சாமானியனுக்கும் உயர்ந்தவனின் தரத்தைக் கொடுத்துவிடு. நடுத்தரம் குறுக்கே வர முடியாது. அவ்வளவுதான் தீர்வு. இந்த ராஜ்குமார் 1984-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் முனைவரானவர். பாத்ஃபைண்டர் இயங்குதளத்தில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது; அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து சிறு மாற்றம் அனுப்பி அதைப் போட்டுவிட்டார்கள். கலம் அதற்குப் பிறகு அப்படி அணையவில்லை.

1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில், அந்த இயங்குதள நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். கட்டுரையை எழுதிய மூவரும் அந்த அரங்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்ததாம். ஏட்டில் கோட்பாடு எழுதியவர்களுக்குச் சினிமா நடிகருக்குக் கிடைப்பது போலக் கைதட்டல் கிடைத்த அபூர்வ நாள் அது.

இந்தக் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டால் அது முழுமையாகாது. கலம் புறப்படுவதற்கு முன் பூமியில் நடந்த சோதனையிலேயே இந்தக் கோளாறு ஓரிரு முறை எட்டிப் பார்த்தது. திரும்ப வரவழைக்க முடியவில்லை. தரையிறங்குவதுதான் அப்போது பெரிய கவலை. எனவே வன்பொருள் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சிகாகோவில் ஃபியூஸை விட்டார்கள்; டைலரில் முதல் விபத்துக்குப் பின் ‘வரவில்லையே’ என்று விட்டார்கள்; இங்கே இதை விட்டார்கள். இயந்திரம் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. கேட்கவேண்டியவர்கள்தான் ‘ஒருமுறைதானே’ என்றார்கள்.

மலைக்க வேண்டியதில்லை. 2008-ல் ஷான் லூ உள்ளிட்ட ஆய்வாளர்கள், மைஎஸ்க்யூஎல், அப்பாச்சி, மொசில்லா, ஓப்பன் ஆபீஸ் ஆகிய நான்கு மென்பொருள்களிலும் உண்மையாக வந்த இப்படிப்பட்ட 105 பிழைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 96 விழுக்காடு இரண்டே இரண்டு இழைகளின் வரிசையைப் பொறுத்தவை. நூறு இழை ஓடினாலும் சண்டை பெரும்பாலும் இரண்டு பேருக்குள்தான்! அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் மதன்லால் முசுவதி, ஷாஸ் கதீர் குழுவினர் செஸ் என்ற கருவியை வெளியிட்டார்கள். இழைகளின் வரிசையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வேறு வேறு வரிசையில் முறையாக ஓட்டிப் பார்த்து, கெட்ட வரிசையைத் திரும்ப ஓட்டியும் காட்டும். ரஸ்ட் என்ற மொழியில் இரண்டு இழைகள் ஒரே தரவில் காவலில்லாமல் கைவைத்தால் நிரல் தொகுக்கும்போதே மறுத்துவிடும். டெட்லாக்கை அது தடுக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணினி படிக்கும் தம்பி தங்கைகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய நிரல் ஒருநாள் காரணமில்லாமல் நின்றால், அணைத்துப் போடாதீர்கள். அணைத்தால் சாட்சி போய்விடும். ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ஜேஸ்டாக் என்ற கருவி கூடவே வருகிறது. எந்த இழை எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். சி, சி++ எழுதுகிறவர்களுக்கு, ஒரே தரவில் காவலில்லாமல் கைவைக்கும் இழைகளைக் காட்டிக்கொடுக்க த்ரெட்-சானிடைசர் இருக்கிறது. கோ மொழியில் அதே வேலைக்கு ரேஸ் என்ற தேர்வு இருக்கிறது. எல்லாம் இலவசம். நின்ற நிலையைச் சேமித்துவிட்டு, அந்த நேரத்தில் என்ன ஓடியது, யார் எதைத் தட்டினார்கள் என்று அன்றைக்கே தாளில் குறித்து வையுங்கள். மேலாளர் ‘திரும்ப வரவில்லை, விடு’ என்று சொன்னாலும் அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். இந்தக் கருவிகளில் ஒன்றையாவது இந்த வாரமே உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓட்டிப் பாருங்கள்.